சின்னப் பிள்ளையோடு முதல் கல்லூரி ஃபுட்பால் கேம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் டெட்ராய்ட் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களில், நோவையோ கேன்டனோ ட்ராயோ, இந்தப் பேச்சு வந்துவிடும். ஃபுட்பால் என்றால் நம்மூர்க் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால். வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள் மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் நிறங்களான மஞ்சளும் நீலமுமாகப் போகிறார்கள். நம் வீட்டு வாண்டும் "கேமுக்குப் போகணும்" என்று பிடிவாதம் பிடிக்கிறது. அப்பா அம்மாவுக்கோ கிரிக்கெட்டைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை. ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒஹாயோ, பென்சில்வேனியா, டெக்சாஸ் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எத்தனை வயதில் கூட்டிப்போகலாம்?

என்னைக் கேட்டால் ஐந்து, ஆறு வயது. பாத்ரூம் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்த வயது, படிக்கட்டில் தானாக ஏறி இறங்கும் வயது. மூன்று வயதுப் பிள்ளையையும் கூட்டிப்போகலாம், ஆனால் பாதியில் கிளம்பிவிடுவோம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அது பெற்றோரின் ஆசைக்காகத்தான், குழந்தைக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே உள்ள பல பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன. சின்னப் பிள்ளை ஆட்டத்தைப் பார்க்கப் போவதில்லை. கூட்டம், பேண்டு வாத்தியம், பாப்கார்ன், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்துவது, இவைதான் அதற்குக் கேம். நீங்கள் ஸ்கோரைப் பின்தொடர்ந்து நான்கு குவார்ட்டரும் உட்கார்ந்து ரசிக்க வேண்டும் என்று நினைத்தால் அதற்கு நண்பர்களோடு தனியாக ஒருநாள் போய்க்கொள்ளுங்கள்.

எந்தக் கேமுக்கு டிக்கெட் எடுப்பது?

மிகச் சுமாரான கேமுக்கு. செப்டம்பர் முதல் இரண்டு மூன்று வாரங்களில் பெரிய கல்லூரிகள் தங்கள் கான்ஃபரன்ஸுக்கு (வழக்கமாகத் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) வெளியே உள்ள சின்ன அணிகளைக் கூப்பிட்டு விளையாடும். டிக்கெட் விலை குறைவு, குளிர் இருக்காது, உள்ளூர் அணி வரிசையாக டச்டவுன் (பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டுவது) போட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பேண்டு முழங்கும். பெரியவர்களுக்கு அலுப்பாக இருக்கும் ஒருதலைப்பட்சமான ஆட்டம்தான் ஆறு வயதுக்குத் திருவிழா.

எப்போதும் அப்படியே நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. 2007 செப்டம்பரில் தேசிய வரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன், அப்பலேச்சியன் ஸ்டேட் என்ற கீழ்ப்பிரிவு அணியிடம் சொந்த மண்ணில் 34-32 என்று தோற்றது. இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நவம்பர் கடைசியில் வரும் ஒஹாயோ ஸ்டேட் கேம், மிச்சிகன் ஸ்டேட் (இதே மாநிலத்தின் வேறொரு பல்கலைக்கழகம்) கேம், இரவு கேம்கள் எதுவும் முதல் தடவைக்கு வேண்டாம். பரம வைரிகள் மோதும்போது டிக்கெட் விலையும் ஏறும், கூட்டத்தின் சூடும் ஏறும். இரவு கேம் 7:30க்கு ஆரம்பித்தால் முடிய 11 ஆகிவிடும். அப்புறம் கார் வரை தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும்.

பெரிய ஸ்டேடியத்துக்கே போக வேண்டுமா? பக்கத்தில் சின்னதாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆன் ஆர்பருக்குப் பக்கத்து ஊரான இப்சிலான்ட்டியில் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரைனர்சன் ஸ்டேடியம். 30,000 பேர் அளவுக்குத்தான் இடம். டிக்கெட் மலிவு, கார் நிறுத்துவது சுலபம், செயற்கைப் புல்தரை பச்சைக்குப் பதில் சாம்பல் நிறம். அந்த அணியினர் கேமுக்கு முன் சம்மட்டியால் சிமெண்டுக் கல் சுவரை இடித்துத் தள்ளிவிட்டு மைதானத்துக்குள் ஓடி வருவார்கள். இதைவிட ஒரு ஆறு வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ என்ன வேண்டும்!

ஒரே சிக்கல், அவர்கள் இருக்கும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் நவம்பரில் டிவிக்காகச் செவ்வாய், புதன் இரவுகளில் கேம் வைக்கும். மறுநாள் பள்ளி. செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமையாகப் பார்த்து எடுங்கள்.

மிச்சிகன் ஸ்டேடியத்தின் கதை வேறு. 1927-ல் திறந்தது, 107,601 இருக்கைகள், அமெரிக்காவிலேயே பெரியது. 'பிக் ஹவுஸ்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கடைசியில் தொக்கி நிற்கும் அந்த ஒற்றை 1, முன்னாள் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லரின் நினைவாகச் சேர்த்த இருக்கை என்றும் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றும் சொல்வார்கள். பிள்ளையிடம் இதைச் சொல்லிவையுங்கள், அலுப்புத் தட்டும் நேரத்தில் "இதுதான் அந்த சீட்டா?" என்று தேட ஒரு வேலை கிடைக்கும்.

கேம் எத்தனை மணிக்கு என்றே போடவில்லையே?

டிவிக்காரர்கள் முடிவு செய்வது அது. பல கேம்களுக்குச் சுமார் 12 நாளுக்கு முன்புதான் நேரம் சொல்வார்கள், சில சமயம் 6 நாளுக்கு முன்புதான். பகல் 12, மாலை 3:30, இரவு 7:30 ஆகியவையே வழக்கமான நேரங்கள். 12 மணி கேம்தான் பிள்ளைகளுக்கு ஏற்றது. அந்தச் சனிக்கிழமை வேறு யார் வீட்டுப் பிறந்தநாளுக்கும் வருகிறேன் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

கடிகாரக் கணக்கு நான்கு குவார்ட்டர், தலா 15 நிமிடம், ஆக ஒரு மணி நேரம். நடப்பதோ ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். நடுவில் 20 நிமிட ஹாஃப்டைம். மற்றபடி டிவி விளம்பரத்துக்காக எல்லோரும் மைதானத்தில் சும்மா நிற்கும் நேரம் நிறைய. வீட்டில் டிவியில் பார்க்கும்போது இந்த நிறுத்தங்கள் தெரிவதே இல்லை. நேரில் பிள்ளை சிணுங்க ஆரம்பிப்பது சரியாக அப்போதுதான். பாத்ரூம், தண்ணீர், செல்ஃபி எல்லாவற்றையும் அந்த இடைவெளிகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கும் டிக்கெட் வேண்டுமா? எங்கே உட்காருவது?

பல பெரிய ஸ்டேடியங்களில் வயது வித்தியாசமில்லாமல் தலைக்கு ஒரு டிக்கெட். சில கல்லூரிகள் இரண்டு வயதுக்குக் கீழே மடியில் உட்கார்ந்தால் விட்டுவிடுகின்றன. வாங்கும் முன் அந்தக் கல்லூரியின் தளத்தில் பாருங்கள். டிக்கெட் எல்லாம் போனில்தான் வரும். வாசலில் லட்சம் பேர் போனைத் தட்டிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் படுத்துவிடும். வீட்டிலிருந்தே போனின் வாலட்டில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை மாணவர் பகுதிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அவர்கள் ஆரம்பம் முதல் கடைசி வரை நின்றுகொண்டே பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். நடைபாதை ஓரத்து இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். மிச்சிகனில் பெரும்பாலான இடங்கள் முதுகுச் சாய்வில்லாத நீள பெஞ்சுகள், ஆளுக்கு ஒரு எண், அவ்வளவுதான். கோட்டு போட்ட நவம்பர் மாதத்தில் அந்த எண்ணுக்குள் ஒருவர் அடங்குவதே கஷ்டம். சின்னப் பிள்ளைக்கு எடுத்த தனி டிக்கெட், உண்மையில் உங்களுக்கு மூச்சுவிடக் கிடைக்கும் இடம்.

டயப்பர், ஸ்வெட்டர், பால் பாட்டில் எல்லாம் பையில் கொண்டுபோகலாமா?

இங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் வாசலிலிருந்து காருக்குத் திரும்ப நடக்கிறார்கள். வழக்கமான முதுகுப்பை, டயப்பர் பை எதையும் பெரும்பாலான ஸ்டேடியங்களில் விடமாட்டார்கள். பல இடங்களில் உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும் செல்லும். 12 அங்குலம் நீளம், 12 அங்குலம் உயரம், 6 அங்குலம் அகலம் என்பது பரவலாக உள்ள அளவு. சில ஸ்டேடியங்கள் அதையும் அனுமதிக்காது. விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே போகிற வாரத்தில் தளத்தைப் பாருங்கள். போன வருடம் போன நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். ஸ்வெட்டரைக் கையில் எடுத்துப்போவதைவிட உடம்பில் போட்டுவிடுவது நல்லது. ஸ்ட்ரோலரைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

சாப்பாடு? நாங்கள் சைவம்.

உள்ளே பிரெட்ஸல், பாப்கார்ன், நாச்சோ, பீட்சா கிடைக்கும். விலை சினிமா தியேட்டரைத் தோற்கடிக்கும். குழந்தைக்கான பால், கஞ்சி போன்றவற்றைப் பொதுவாக விடுவார்கள், மற்ற வெளிச் சாப்பாட்டை விடமாட்டார்கள்.

அதனால் உண்மையான சாப்பாடு வெளியேதான், டெயில்கேட்டில். கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பேசிச் சிரிப்பது இங்கே கேமின் பாதி. மிச்சிகனில் ஸ்டேடியத்துக்கு எதிரே பல்கலைக்கழக கோல்ஃப் மைதானமும் பக்கத்தில் பயனியர் உயர்நிலைப் பள்ளி வளாகமும் காலையிலேயே நிரம்பிவிடும். அமெரிக்கர்கள் பர்கர் சுடட்டும். நமக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியும் புளியோதரையும் போதும்: சூடாக்க வேண்டாம், கரண்டி வேண்டாம், ஆறினாலும் ருசி குறையாது. பக்கத்துக் காரில் இருப்பவர் எட்டிப்பார்த்து என்னவென்று கேட்பார். ஒரு இட்லியைக் கொடுத்தால் உங்கள் பிள்ளைக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்துவிடும். வயிறு நிறைந்த பிள்ளை உள்ளே ஒரு பாப்கார்னோடு அடங்கும்.

சத்தம் காதைக் கெடுக்காதா?

கெடுக்கும், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையிடச் சத்தத்துக்கான அமெரிக்க வழிகாட்டுதல், பெரியவர்களுக்கே 85 டெசிபல் என்றால் நாளைக்கு 8 மணி நேரம்தான் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் வருகிறது. நிறைந்த ஸ்டேடியம் முக்கியமான கட்டங்களில் அந்த 100-ஐச் சாதாரணமாகத் தாண்டும். போதாக்குறைக்கு ஒலிபெருக்கி. சில கேம்களுக்கு முன் விமானப்படை ஜெட் தலைக்கு மேலே பறக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் அடைக்கும் பஞ்சு உருண்டைகள் நிற்காது, விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. வெளியே மாட்டும் இயர்மஃப் வாங்குங்கள். பெட்டியில் என்.ஆர்.ஆர். (சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்ற அளவு) என்று போட்ட எண் 20க்கு மேல் இருக்கட்டும். பாட்டுக் கேட்கும் ஹெட்ஃபோன் இதற்கு உதவாது. தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 2010-ல் நியூ ஆர்லியன்ஸ் அணி ஜெயித்ததும் அதன் நட்சத்திர வீரர் டுரூ பிரீஸ் தன் ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு நின்ற படம் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் குழந்தையின் காதில் இருந்தது இந்த இயர்மஃப் சமாச்சாரம்தான். இரண்டு மூன்று நாள் முன்பே வீட்டில் மாட்டிப் பழக்குங்கள். புதிதாக ஸ்டேடியத்தில் மாட்டினால் பிய்த்து எறிந்துவிடும்.

எங்களுக்கே ஆட்டம் புரியாது. பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மைதானம் 100 கெஜம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு, அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அப்புறம் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூட ஒன்று. தாண்ட முடியாது என்று தோன்றினால் தூரத்திலிருந்தே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். தரையில் மஞ்சள் துணி விழுந்தால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள்.

கபடி பார்த்த பிள்ளையானால் இன்னும் சுலபம்: பந்து வைத்திருப்பவர்தான் ரெய்டர், கோட்டைத் தொடவிடாமல் மற்றவர்கள் பிடித்து அமுக்குகிறார்கள். இதற்கு மேல் ஆறு வயதுக்கு வேண்டாம். ஏன் நின்றார்கள், ஏன் மறுபடி ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் "டிவியில் விளம்பரம் போடுகிறார்கள்" என்று சொல்லுங்கள். பாதி நேரம் அதுதான் சரியான பதில்.

எதைக் கட்டாயம் தவறவிடக் கூடாது?

பேண்டு. கல்லூரி ஃபுட்பாலைத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். கேமிலிருந்து பிரிப்பது அதுதான், சின்னப் பிள்ளைகளைக் கட்டிப்போடுவதும் அதுதான். மிச்சிகன் பேண்டில் ஏறக்குறைய 400 மாணவர்கள். கேமுக்கு முன் ஸ்டேடியத்துக்குத் தெருவில் அணிவகுத்து வருவார்கள், அதை டிக்கெட் இல்லாமலே ஓரத்தில் நின்று பார்க்கலாம். பிறகு சுரங்க வழியிலிருந்து மைதானத்துக்குள் ஓடி வருவார்கள். முன்னால் வரும் டிரம் மேஜர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாக வில் போல வளைந்து தலையால் தரையைத் தொடும்போது லட்சம் பேர் ஆர்ப்பரிப்பார்கள். சற்று நேரத்தில் வீரர்கள் ஓடி வந்து, நடுவில் பிடித்திருக்கும் நீலப் பதாகையை எகிறித் தொட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே கேம் ஆரம்பிக்க அரை மணி நேரம் முன்பே இருக்கையில் இருங்கள். 12 மணி கேமுக்கு 12 மணிக்கு உள்ளே நுழைந்தால் பிள்ளைக்கான பகுதி முடிந்துபோயிருக்கும். ஹாஃப்டைமில் எல்லோரும் பாத்ரூமுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள், அப்போதும் பேண்டு வரும்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. ஒஹாயோ ஸ்டேட் பேண்டு மைதானத்தில் 'Ohio' என்று மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதியபடி நடக்கும், 1936 முதல் நடக்கும் வழக்கம். கொலராடோவில் ரால்ஃபி என்ற நிஜக் காட்டெருமை மைதானத்தைச் சுற்றி ஓடும். அயோவாவில் முதல் குவார்ட்டர் முடிந்ததும் மொத்த ஸ்டேடியமும் எழுந்து, எதிரே உள்ள குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களைப் பார்த்துக் கையாட்டும். 2017-ல் தொடங்கியது. அங்கே சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளும் மேலிருந்து கையாட்டுவார்கள். எல்லா ஸ்டேடியங்களிலும் எனக்குப் பிடித்த வழக்கம் இதுதான்.

மிச்சிகனில் மட்டும் ஓடியாடும் விலங்கு வேஷமோ நிஜ விலங்கோ கிடையாது. ஏமாறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்?

போகும் முன் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் பிள்ளையின் முன்கையில் எழுதிவிடுங்கள். அன்று காலை முழு உருவமாக ஒரு படம் எடுத்து வையுங்கள். என்ன சட்டை என்பது பதற்றத்தில் நமக்கே மறந்துபோகும். பல ஸ்டேடியங்களில் உதவி மையத்தில் எண் எழுதிய கைப்பட்டை தருவார்கள். "தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், மஞ்சள் ஜாக்கெட் போட்டவரிடம் சொல்" என்று எதையாவது பொதுவாகச் சொல்லிவைக்காமல், உள்ளே நுழைந்ததும் அங்குள்ள பணியாளர் ஒருவரைக் காட்டி "இந்த மாதிரி உடுப்பு" என்று சொல்லுங்கள்.

மழை, இடி, குளிர்?

மழைக்கு ஆட்டம் நிற்காது. குடை விடமாட்டார்கள், மழைக்கோட்டுதான். மின்னல் வேறு: 8 மைலுக்குள் மின்னல் அடித்தால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருப்பார்கள். புதிதாக ஒன்று அடித்தால் கணக்கு முதலிலிருந்து. 2011-ல் மிச்சிகன் தன் முதல் கேமையே இடி மழையால் மூன்றாம் குவார்ட்டரோடு முடித்துக்கொண்டது. சின்னப் பிள்ளை கையில் இருந்தால் முதல் அறிவிப்பிலேயே காருக்கு நடையைக் கட்டுங்கள்.

அக்டோபர் பாதிக்குப் பிறகு அலுமினிய பெஞ்சு பனிக்கட்டியாக இருக்கும். பனிக்காலப் பேன்ட்டையே போட்டு அழைத்துப்போங்கள்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருக்கிறார்கள். அவர்களும் வரலாமா?

வரலாம், ஆனால் வரிசை எண்ணைப் பார்த்து எடுங்கள். மிச்சிகன் ஸ்டேடியத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியது. தெருமட்டத்தில் நுழைந்து கீழே இறங்க வேண்டும், 90க்கும் மேற்பட்ட வரிசைகள். முன் வரிசை டிக்கெட் கிடைத்ததே என்று பெருமையாக வாங்கினால், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் முழங்கால் வலியோடு மேலே ஏற வேண்டியிருக்கும். நுழைவு மட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள மேல் வரிசைகள்தான் அவர்களுக்கு நல்லது. சக்கர நாற்காலிக்குத் தனி இடங்கள் உண்டு. பாட்டிக்குப் பேண்டு பிடிக்கும், தாத்தா "இது என்ன விளையாட்டு, ஓடுறான், விழறான்" என்பார். பரவாயில்லை.

குடித்துவிட்டு ரகளை, கெட்ட வார்த்தை எல்லாம் இருக்குமா?

கொஞ்சம் இருக்கும். மிச்சிகன் ஸ்டேடியத்திலேயே 2024 முதல் பீர் விற்கிறார்கள். பகல் கேமும் குடும்பங்கள் உட்காரும் பகுதியும் என்றால் பெரும்பாலும் கண்ணியமாகவே போகும். யாராவது எல்லை மீறினால் நீங்கள் சண்டைக்குப் போகாமல் பணியாளரிடம் சொல்லுங்கள். பல ஸ்டேடியங்களில் குறுஞ்செய்தி அனுப்பிப் புகார் செய்யும் எண்ணைத் திரையிலேயே போடுவார்கள்.

இவ்வளவு முரட்டு ஆட்டத்தைப் பார்த்துப் பிள்ளை பயப்படாதா? அல்லது தானும் விளையாட வேண்டும் என்று கேட்டால்?

மேலிருந்து பார்க்கும்போது மோதலின் வேகம் அவ்வளவாகத் தெரியாது. யாராவது அடிபட்டு எழாமல் கிடந்தால்தான் பிள்ளையின் முகம் மாறும். அப்போது ஸ்டேடியமே அமைதியாகிவிடும், அவர் எழுந்து நடந்தால் இரண்டு பக்க ரசிகர்களும் கைதட்டுவார்கள். மழுப்பாமல் "அடிபட்டிருக்கு, டாக்டர் பார்க்கிறார்" என்று சொன்னால் போதும். தலையைக் குறிவைத்து இடித்தால் அந்த வீரரையே வெளியேற்றும் விதி இருக்கிறது என்பதையும் சொல்லலாம்.

விளையாட ஆசைப்பட்டால் ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது. பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்தது, இடித்துத் தள்ளுவது கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் அதுவும் சேர்கிறது. பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். தலைக்கவசம் போட்டு மோதும் ஆட்டத்துக்கு இந்த வயதில் அனுப்ப நான் சொல்லமாட்டேன்.

என்ன நிறச் சட்டை?

மஞ்சளும் நீலமும். சிவப்பு வேண்டாம், அது ஒஹாயோக்காரர்களுடையது. பச்சையும் வேண்டாம், மிச்சிகன் ஸ்டேட். கடையில் டி-ஷர்ட் விலையைப் பார்த்து மலைத்தால், போன தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் குர்தாவே போதும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், படம்கூட எடுப்பார்கள்.

எப்போது கிளம்புவது?

ஹாஃப்டைம் பேண்டு முடிந்ததும், அல்லது மூன்றாம் குவார்ட்டர் முடிவில். பிள்ளை நன்றாக இருக்கும்போதே கிளம்புங்கள், அழ ஆரம்பித்த பிறகு அல்ல. வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்பதால், ஒருமுறை முடிவெடுத்தால் முடிவெடுத்ததுதான். மீதியைக் காரில் ரேடியோவில் கேட்கலாம்.

ஆன் ஆர்பரின் மொத்த மக்கள்தொகையே 1,20,000 சொச்சம். அதற்குக் கிட்டத்தட்ட சமமான கூட்டம் ஒரே நேரத்தில் ஸ்டேடியத்திலிருந்து வெளியே வருகிறது. கடைசி விசில் வரை இருந்தால் நெடுஞ்சாலையைத் தொடவே ஒரு மணி நேரம் போகலாம். சுற்றுப்புற வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியில் காசு வாங்கிக்கொண்டு கார் நிறுத்த விடுவார்கள். பணம் கொடுக்கும் முன் "எனக்குப் பின்னால் வேறு காரை அடைத்து நிறுத்துவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.